கொடியை இறக்கியது யார்?

“நம்மில் ஒருத்தர் மேலே போய்விட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக நடக்கும்.” நம் கூட்டங்களில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருப்பதில்லை. அப்படிச் சொல்லும் தோழர்களோடு சேர்ந்து நாம் படிக்க வேண்டிய கதை, அமெரிக்காவின் தெற்குக் கரோலினா ஆளுநராக இருந்த நிக்கி ஹேலியுடையது. அங்கே ஆளுநர் என்றால் ராஜ்பவன் ஆளுநர் அல்ல. மக்கள் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பவர், ஏறக்குறைய நம் முதலமைச்சர் மாதிரி.

1972இல் பாம்பர்க் என்ற சிற்றூரில், பஞ்சாபிலிருந்து போன சீக்கியக் குடும்பத்தில் நிமரதா நிக்கி ரந்தாவாவாகப் பிறந்தார். தலைப்பாகை கட்டிய அவருடைய அப்பாவுக்கு ஆசிரியர் வேலை கொடுத்தது வூர்ஹீஸ் கல்லூரி. கறுப்பின மக்களுக்காக உருவான கல்லூரி அது. ஆசியர்களுக்குக் கதவைத் திறந்த 1965 குடியேற்றச் சட்டமும் கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டம் உச்சத்தில் இருந்தபோது வந்ததுதான்.

சிறுமியாக இருந்தபோது ஓர் அழகுப் போட்டிக்குச் சகோதரியோடு போனார். அங்கே ஒரு வெள்ளை ராணி, ஒரு கறுப்பு ராணி. இரண்டிலும் சேராததால் இருவரையும் விலக்கிவிட்டார்கள். பிறகு 2001இல் வாக்காளர் பதிவில் தன் இனம் ‘வெள்ளை’ என்று எழுதினார். வாடகை வீடு தேடும்போது சாதியை மறைக்க வேண்டியிருக்கும் நாம் இதைக் கேலி செய்யப் போவதில்லை. ஆனால் அதே கை பிறகு எதில் கையெழுத்துப் போட்டது என்று பார்க்கத்தான் வேண்டும்.

2004இல் சட்டமன்றத்துக்குப் போனார். 2010 ஆளுநர் தேர்தலில் சாரா பேலினின் ஆதரவு கிடைத்தது. அவர் கட்சிக்காரரான ஒரு செனட்டரே தலைப்பாகையைச் சொல்லி அவரை இழிவாகப் பேசினார். அதையும் தாண்டி வென்றார். பதவியேற்ற 2011லேயே, ஓட்டுப் போட புகைப்பட அடையாள அட்டை கேட்கும் சட்டத்தில் கையெழுத்திட்டார். அந்த அட்டை இல்லாதவர்கள் வெள்ளையரைவிடச் சிறுபான்மையினரிடையே அதிகம் என்று சொல்லி மத்திய நீதித்துறை ஆட்சேபித்தது.

அடுத்து கொடி. அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தென் மாநிலங்களின் கொடி, சட்டமன்ற வளாகத்தில் பறந்துகொண்டிருந்தது. 2014 தேர்தல் விவாதத்தில் அதைப் பற்றிக் கேட்டபோது, எந்த நிறுவனத் தலைவரும் தன்னிடம் கொடி பற்றிப் பேசவில்லை என்றார் ஹேலி. பேச வேண்டியவர்கள் யார் என்று அவர் நினைத்தார் பாருங்கள்!

2015 ஜூன் 17இல் சார்ல்ஸ்டன் தேவாலயத்தில் வெள்ளை வெறியன் ஒருவன் ஒன்பது கறுப்பினத்தவரைச் சுட்டுக் கொன்றான். ஐந்து நாளில் ஹேலி கொடியை இறக்கச் சொன்னார். அதை மறுக்க முடியாது. அவர் கட்சியில் அதற்குத் துணிச்சல் வேண்டும். ஆனால் சட்டமன்றம் கூடும்வரை கொடி பறந்தது. ஜூன் 27 காலையில் பிரீ நியூசம் என்ற கறுப்பினப் பெண் கம்பத்தில் ஏறிக் கழற்றினார். அவரைக் கைது செய்தார்கள், கொடியைத் திரும்ப ஏற்றினார்கள். ஜூலை 10இல்தான் அது நிரந்தரமாக இறங்கியது. உலகம் பார்த்தது ஆளுநர் கையெழுத்திட்ட படத்தை. 2019இல் அதே ஹேலி, அந்தக் கொடி சிலருக்குத் தியாகமும் பாரம்பரியமுமாக இருந்தது, கொலைகாரன் அதைக் கடத்திவிட்டான் என்றார். 2023இல் உள்நாட்டுப் போருக்குக் காரணம் என்ன என்று கேட்டபோது அடிமை முறை என்ற சொல்லே முதலில் அவர் வாயில் வரவில்லை.

1932இல் அம்பேத்கர் தனி வாக்காளர் தொகுதி கேட்டதன் காரணம் இங்கேதான் விளங்குகிறது. யார் ஓட்டில் ஜெயிக்கிறோமோ அவர்களுக்குத்தான் பதில் சொல்வோம். ஹேலி கறுப்பின மக்களின் பிரதிநிதியாக வரவும் இல்லை. ஆனால் 2012இல் காலியான செனட் இடத்துக்கு அவர் நியமித்த டிம் ஸ்காட் கறுப்பினத்தவர்.

2024 ஜனவரியில், ஹேலி அதிபர் வேட்பாளராக நின்றபோது, டிரம்ப் அவருடைய பிறப்புப் பெயரைத் தப்பும் தவறுமாக எழுதிக் கேலி செய்தார். அதே மாதம் டிம் ஸ்காட் தன் ஆதரவை அறிவித்தார், டிரம்புக்கு. சொந்த மாநிலத்திலும் தோற்ற ஹேலி, ஜூலையில் கட்சி மாநாட்டு மேடை ஏறி அதே டிரம்புக்கு ஓட்டுக் கேட்டார்.