நூடுல்ஸ் பிறந்த கொட்டகை

ஜப்பானில் ஒசாகாவின் உமேதா நிலையத்தில் ஹான்கியூ ரயில் ஏறினால், சுமார் 20 நிமிடத்தில் இக்கேதா என்ற ஊர் வருகிறது. நிலையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது 1999-ல் திறக்கப்பட்ட கப் நூடுல்ஸ் அருங்காட்சியகம். நுழைவுக் கட்டணம் இல்லை. பொருள்களைக் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுவதோடு நிற்காமல், வருகிறவர்களையே உணவு தயாரிக்க வைக்கிறார்கள் என்பது இதன் சிறப்பு.

உள்ளே முதலில் கவனத்தை இழுப்பது ஒரு சிறிய கொட்டகை. மொமோஃபுகு ஆண்டோ என்பவர் தம் வீட்டுக் கொல்லையில் போட்டிருந்த கொட்டகையின் மாதிரி அது. அவர் தலைவராக இருந்த கடன் சங்கம் 1957-ல் நொடித்துப் போக, வீடு தவிர மற்ற சொத்துகளை இழந்தார். கொட்டகையில் இருந்தவை சட்டி, அடுப்பு, மாவு, ஒரு பழைய நூடுல்ஸ் இயந்திரம். சுமார் ஓராண்டு முயற்சிக்குப் பின், 1958 ஆகஸ்டில், 48 வயதில், உலகின் முதல் உடனடி நூடுல்ஸை விற்பனைக்குக் கொண்டுவந்தார்.

தொடங்கும்போதே அவர் தமக்கு 5 விதிகள் வைத்துக்கொண்டார். சுவை வேண்டும், கெடாமல் இருக்க வேண்டும், சமைக்க எளிதாக இருக்க வேண்டும், விலை குறைவாக இருக்க வேண்டும், உடலுக்குப் பாதுகாப்பாக இருக்க வேண்டும். இவற்றில் அவரை அதிகம் அலைக்கழித்தது கெடாமல் வைப்பது. மனைவி மாவில் தோய்த்த காய்களை எண்ணெயில் பொரித்ததைப் பார்த்தபோது விடை கிடைத்தது. சூடான எண்ணெயில் மாவிலுள்ள நீர் ஆவியாகி வெளியேறுகிறது. நீர் இருந்த இடத்தில் நுண்ணிய துளைகள் உண்டாகின்றன. ஈரம் போவதால் பண்டம் கெடுவதில்லை. வெந்நீர் ஊற்றினால் அதே துளைகள் வழியாக நீர் உள்ளே புகுந்து நூடுல்ஸ் மென்மையாகிறது. கொத்தவரை வற்றல் ஆண்டு முழுதும் கெடாமல் இருப்பதற்கும் காரணம் ஈரம் நீங்குவதே. அங்கே எண்ணெய் செய்ததை இங்கே வெயில் செய்கிறது.

அடுத்த கூடத்தில் சிறு கட்டணம் செலுத்தி, வெறும் கப் ஒன்றை வாங்கி அதில் வண்ணப் படம் வரையலாம். பின்னர் ஒரு கைப்பிடியைச் சுற்றினால், நூடுல்ஸ் மீது கப் கவிழ்ந்து, அப்படியே நிமிர்கிறது. நூடுல்ஸை மேலிருந்து போட்டால் சாய்ந்துவிடும் என்பதால் கண்ட வழி இது. 4 வகை சூப்பில் ஒன்று, 12 வகைச் சேர்மானங்களில் நான்கு என அவரவர் விருப்பப்படி தேர்ந்தெடுக்கலாம். மொத்தம் 5,460 விதமாகச் சேர்க்க முடியும் என்பது கணக்கு. மூடியை ஒட்டி, காற்றடைத்த பையில் போட்டுத் தருகிறார்கள். குழந்தைகள் அதைத் தோளில் மாட்டிக்கொண்டு போகிறார்கள்.

விவசாயிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜப்பான் தனக்குத் தேவையான கோதுமையில் பெரும்பகுதியை வெளிநாடுகளிலிருந்துதான் வாங்குகிறது. கண்டுபிடிப்பு ஜப்பானில் நடந்தாலும், அந்தக் கோதுமையை விளைவித்தவர்கள் மூலப்பொருள் விற்றவர்களாகவே நின்றார்கள். மதிப்புக் கூட்டியவருக்கே லாபத்தில் பெரிய பங்கு போகிறது. தக்காளியும் முருங்கையும் விலை சரியும்போது வயலிலேயே வீணாவதற்கும், அதே பொருள் பொடியாகக் கடையில் பல மடங்கு விலைக்கு விற்பதற்கும் இடையில் இருப்பது இந்த ஒரு படிதான்.

பெரிய ஆலை இல்லாமலே அந்தப் படியில் கால் வைக்கலாம் என்பதற்கு இக்கேதா கொட்டகையே சாட்சி. தனியாக முடியாதவர்கள் உழவர் உற்பத்தியாளர் நிறுவனமாகச் சேர்ந்து செய்யலாம். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும், தஞ்சாவூரில் உள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும், வேளாண் அறிவியல் நிலையங்களிலும் பயிற்சி உண்டு. விற்கும் முன் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவு கட்டாயம். பண்டம் எதுவானாலும் முதலில் பார்க்க வேண்டியது ஈரப்பதம். அது சரியாக இல்லையென்றால் எவ்வளவு அழகான பாக்கெட்டிலும் பூஞ்சணம் பிடிக்கும்.