மூன்று வாங்கு



போன கிழமை தரம் 7 பிள்ளைகளுக்கு 'வாங்கு' என்ற சொல்லைக் கொடுத்து வசனம் எழுதச் சொன்னேன். கிட்டத்தட்ட எல்லாரும் 'கடையில் சீனி வாங்கு' என்ற மாதிரித்தான் எழுதியிருந்தார்கள். ஒருவன் மட்டும் 'எங்கள் வாங்கின் கால் உடைந்துவிட்டது' என்று எழுதியிருந்தான். சிவப்புப் பேனையால் வெட்டி, மேலே 'இருக்கை' என்று எழுதிக் கொடுத்தேன்.

கொப்பியைப் பார்த்தவன் எழும்பிக் கேட்டான்: "சேர், நீங்களும் 'கடைசி வாங்குல கதைக்காத' எண்டுதானே ஏசுறீங்க? ளுஹர் நேரத்தில 'வாங்கு சொல்லிட்டாங்க' எண்டும் சொல்றீங்க. அது என்ன வாங்கு?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துச் சமாளித்தேன். ஆனால் அவன் கேட்டது நியாயம். காசு கொடுத்து வாங்குவது தமிழ். உட்காரும் வாங்கு, கதிரை, அலுமாரி போலப் போர்த்துக்கீசர் விட்டுப்போன சொல். பள்ளிவாசலில் சொல்லும் வாங்கு பாரசீகத்திலிருந்து வந்தது. தமிழ்நாட்டில் அதையே 'பாங்கு' என்பார்கள். மூன்றும் இந்த மண்ணில் ஒரே சத்தமாகிவிட்டன. இதில் எதை வெட்டுவது?

அன்றிரவு எனக்கு என் பழைய கொப்பி ஒன்று ஞாபகம் வந்தது. சின்ன வயதில் 'உம்மா மீன் ஆணம் ஆக்கினா' என்று எழுதினேன். ஆசிரியர் அதை வாசித்துக் காட்ட, பிள்ளைகள் சிரித்தார்கள். 'ஆணம்' வெட்டப்பட்டு 'குழம்பு' ஆனது. அதன்பிறகு வெகுகாலம் எங்கள் வீட்டைப் பற்றி நான் ஒரு வரியும் எழுதவில்லை. வளர்ந்தபிறகுதான் கண்டேன், பழைய தமிழ் அகராதிகளில் ஆணம் அதே பொருளோடு இருக்கிறது. எனக்கு நடந்ததையே நான் அவனுக்குச் செய்திருக்கிறேன்.

இது வெறும் சொல் விசயம் இல்லை. 2006இல் மூதூரிலிருந்து நாங்கள் கந்தளாய்க்கு ஓடினோம். ஈச்சிலம்பற்றுச் சனம் வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடியது. திரும்பி வந்தபிறகும் இரண்டு பக்கமும் கனகாலம் அளந்து அளந்துதான் கதைத்தோம். இங்கே படிப்பிக்க வந்த புதிதில் நான் 'மறுகா', 'கிறுகி' எல்லாவற்றையும் கவனமாக ஒளித்துவைத்து, செய்தி வாசிப்பதுபோல் கதைப்பேன். அந்தச் சொற்கள் அவர்கள் வீட்டிலும் இருப்பதுகூட எனக்குத் தெரியவில்லை.

வாப்பா காலமான கிழமை, ஒரு பிள்ளையின் அம்மம்மா பாடசாலை வாசலில் காத்துநின்றா. எப்போதும் 'சேர்' என்று கூப்பிடுகிறவ, அன்றைக்கு என் கையைப் பிடித்து, "வாப்பா மௌத்தெண்டு கேள்விப்பட்டன் மனே" என்றா. என் வீட்டுச் சொல்லைத் தேடி எடுத்துக்கொண்டு வந்திருந்தா. அதற்குமேல் அவ ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவும் இல்லை.

சோதனைத்தாளுக்கு எழுத்துத்தமிழ் வேண்டும்தான். அதைப் படிப்பிக்காமல் விடமாட்டேன். ஆனால் இனி வீட்டுச்சொல்லை வெட்டமாட்டேன். பக்கத்தில் மற்றச் சொல்லை எழுதிவிடுவேன். மறுநாள் அவனுடைய கொப்பியை வாங்கி, என் சிவப்புக் கோட்டை அழித்து, சரி போட்டேன்.

உங்கள் வீட்டில் மூத்தவர்கள் சொல்லும் சொற்களைக் கீழே எழுதுங்கள். வகுப்பில் வாசித்துக் காட்டுவேன். இந்தமுறை ஒருவரும் சிரிக்கமாட்டார்கள்.