இரவுக்குப் பேர் உண்டா?

மலைநாட்டுத் தோட்டங்களிலே புத்தாடை என்றால் நெடுங்காலமாக அது தீபாவளியையே குறித்து வந்தது. தீபாவளி முற்பணம் கைக்கு வந்ததும் பசறைக்கோ பதுளைக்கோ பஸ் ஏறிச் சென்று, வீட்டிலுள்ள அத்தனை பேருக்கும் ஒரே கடையில் துணி எடுப்பார்கள். பின்னர் வரும் மாதங்களின் சம்பளத்திலிருந்து அந்தப் பணம் சிறுகச் சிறுகக் கழிக்கப்படும். அதற்கும் முந்திய தலைமுறையிலே, குளிருக்குப் போர்த்திய கம்பளியின் விலைகூடத் தொழிலாளியின் பேரிலே பற்றெழுதப்பட்டது. ஆடை நம் மக்களுக்கு அழகாவதற்கு முன்னர் கடனாகவே அறிமுகமாயிற்று.

'துண்டு' என்னும் சொல்லை எடுத்துக் கொள்வோம். தோளிலே போடும் துணியும் துண்டுதான். தோட்டம் மாறிச் செல்லும் தொழிலாளி எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்று எழுதிக் கொடுத்த சீட்டும் துண்டுதான். இரண்டாவது துண்டு 1921ஆம் ஆண்டிலே சட்டத்தினால் ஒழிக்கப்பட்டது. ஆனால் மூன்றாவது துண்டு ஒன்று இன்னும் உண்டு. அதனை மடுல்சீமைக் கடைவீதியிலே, ஒரு தையற்கடையின் வாசலிலே நாம் கண்டோம்.

இன்று திருமணம் என்றாலும் பூப்புநீராட்டு என்றாலும் மணிகளும் சரிகையும் பதித்த இரவிக்கை வேண்டும் என்பது தோட்டத்துப் பெண்களின் ஆசையாகிவிட்டது. 'ஆரி வேலை' என்று இதனைச் சொல்கிறார்கள். குஜராத்தின் கட்சுப் பகுதியிலே செருப்புத் தைப்போரின் குத்தூசியிலிருந்து பிறந்தது என்று கருதப்படும் கலை, கைபேசிப் படங்களின் வழியாக மடுல்சீமையின் பனிமூட்டத்துக்குள்ளும் வந்து சேர்ந்திருக்கிறது. இதைக் கண்டு முகஞ்சுளிக்கும் முற்போக்காளர் சிலரை நாம் அறிவோம். நாள் முழுவதும் இடுப்பிலே படங்கு கட்டிக் கொழுந்தெடுக்கும் பெண்ணின் மகள், வாழ்க்கையிலே ஒருநாள் ஒளிரும் ஆடை அணிய விரும்பினால் அதிலே என்ன குற்றம்?

2025ஆம் ஆண்டு ஆவணியிலே நம் தங்கை மகளின் திருமணம் நிச்சயமாயிற்று. மணப்பெண் பாலர் பாடசாலை ஆசிரியை. மயிலும் தாமரையும் வேண்டாம், கையோரத்திலே இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகத் தேயிலைக் கொழுந்து ஓட வேண்டும் என்றாள் அவள். "கல்யாணத்திலுமா கொழுந்து?" என்று உறவினர் நகைத்தனர். அவள் விட்டுக்கொடுக்கவில்லை. விலை பதினாலாயிரம் ரூபா என்றும் மூன்று கிழமையிலே முடியும் என்றும் கடைக்காரப் பெண்மணி சொன்னார். அளவெடுத்தார், முற்பணம் வாங்கிக் கொண்டார்.

பூவேலை கடையிலே நடைபெறுவதில்லை. தோட்டத்து லயத்திலே, நம்மிடம் சில ஆண்டுகளுக்கு முன் படித்த ஒரு பெண்ணே அதனைச் செய்கிறாள் என்று அறிந்து, ஒரு மாலையிலே பார்க்கச் சென்றோம். இரண்டு நாற்காலிகளுக்கு மேலே மரச்சட்டம். அதிலே முரசுத்தோல் போல இழுத்துக் கட்டிய பட்டு. ஊசியால் துளையிட்ட தாளைத் துணிமேல் வைத்து, மண்ணெண்ணெயிலே குழைத்த வெள்ளைப் பொடியைத் தேய்த்துக் கோலத்தைப் பதித்திருந்தாள். வலக்கை மேலிருந்து கொக்கி ஊசியை இறக்க, இடக்கை துணிக்குக் கீழே கண் காணாத இடத்திலே நூலை மாட்டிவிட, சங்கிலித் தையல் ஒவ்வொரு கண்ணியாக நீண்டது. கடைசி முடிச்சு சரியாக விழாவிட்டால் அத்தனை கண்ணிகளும் ஒரே இழுப்பிலே கழன்றுவிடும் என்றாள்.

தாய் விடியற்காலையிலேயே கொழுந்துக்குப் போய்விடுகிறாள். தம்பியின் பள்ளிக்கூடம், சமையல், தண்ணீர் என்று பகல் கழிந்துவிடுகிறது. ஊசி பிடிக்கக் கிடைப்பது எல்லோரும் உறங்கிய பிறகு வரும் நேரமே. புறநானூற்றிலே இரவின் சிறுவிளக்கொளியில் வேலை செய்யும் பருத்திப் பெண் ஒருத்தி வருகிறாள். ஈராயிரம் ஆண்டுக்குப் பின்னர் மின்குமிழ் வந்திருக்கிறது. வேலை நேரம் மட்டும் இரவாகவே இருக்கிறது.

இரவிக்கை ஐந்து நாள் தாமதமாக வந்தது. காற்றும் மழையும் கம்பிகளை அறுத்ததால் பல இரவுகள் மின்சாரம் இல்லை. சொன்ன சொல் தவறியதற்கு ஆயிரம் ரூபா குறைக்க வேண்டும் என்று நம் உறவினர் கடையிலேயே வாதிட்டார். கடைக்காரப் பெண்மணி அமைதியாகச் சொன்னார்: "குறைக்கலாம், சேர். இது துண்டுக்குப் பேசிய கூலி. குறைத்தால் அந்தப் பிள்ளைக்குத்தான் குறையும்."

மூன்றாவது துண்டு இதுவே. நாம் கணக்குக் கேட்டோம். அவர் ஒளிக்காமல் காட்டினார். மணி, கல், சரிகை, உள்துணி நாலாயிரம். வெட்டுக்கூலி, தையற்கூலி, கடை வாடகை மூவாயிரத்து ஐந்நூறு. எஞ்சிய ஆறாயிரத்து ஐந்நூறு பூவேலை செய்தவளுக்கு. அவளோ பள்ளிக் கொப்பி ஒன்றிலே நேரத்தைக் குறித்து வைத்திருந்தாள்: பதினான்கு இரவுகள், இரவுக்கு ஐந்து மணிநேரம், ஆக 70 மணிநேரம். மணிக்கு 93 ரூபாவுக்கும் குறைவு. 2024 செப்டம்பரிலே வர்த்தமானி மூலம் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா என்று விதிக்கப்பட்டிருந்தது. எட்டு மணிநேரமென வகுத்தால் மணிக்கு 168 ரூபாவுக்குச் சற்று மேல். தாயின் கூலியே வாழப் போதாது என்று நாம் கூட்டம் போட்டுப் பேசுகிறோம். மகளின் கூலி அதிலே பாதியைச் சிறிதே தாண்டுகிறது.

முழுத்தொகையையும் கொடுத்துவிட்டுத் திரும்பினோம். ஆனால் ஒரு வாடிக்கையாளரின் நல்லெண்ணத்தினால் தீரும் காரியமா இது? கடைக்காரப் பெண்மணி கொள்ளையடிக்கவில்லை. கொழும்புப் புறக்கோட்டையிலே குவிந்திருக்கும் இயந்திரப் பூவேலையின் விலைதான் அவர் கேட்கக்கூடிய விலைக்கு எல்லை போடுகிறது. அந்த எல்லைக்குள் அகப்பட்டுச் சுருங்குவது கைவேலை செய்பவளின் இரவு.

1863 ஜூனிலே இலண்டனில் மேரி ஆன் வாக்லி என்ற இருபது வயதுத் தையற்காரி இறந்தாள். இளவரசியின் வரவை ஒட்டிய நடனவிருந்துக்குச் சீமாட்டிகளின் ஆடைகளை முடிப்பதற்காக, வேறு அறுபது பெண்களோடு இருபத்தாறரை மணிநேரம் இடைவிடாது தைத்தவள் அவள். 'மூலதனம்' முதல் தொகுதியிலே மார்க்ஸ் அவள் பெயரைப் பதிந்து வைத்தார். அங்கே ஒரே கூரையின் கீழ் அறுபது பேர் இருந்தனர். மடுல்சீமை லயத்திலே இருப்பவள் ஒருத்தி. இந்த வேறுபாடு பெரிது. தோட்டத் தொழிலாளி விடியலிலே பிரட்டுக்களத்திலே நிற்கிறாள். பக்கத்திலே நிற்பவளின் கூலி அவளுக்குத் தெரியும். அந்தக் களத்திலேதான் சங்கம் வளர்ந்தது. அரை நாள் வேலைக்கு அரைப்பேர், முழுநாளுக்கு முழுப்பேர் என்று அங்கே கணக்காவது உண்டு. பூவேலைக்காரிக்குப் பிரட்டுக்களமும் இல்லை. அவளுடைய இரவுக்குப் பேரும் இல்லை.

சட்டம் என்ன செய்கிறது? 1941ஆம் ஆண்டின் சம்பளச் சபைகள் கட்டளைச் சட்டம் தொழில்வாரியாகக் கூலி நிர்ணயிக்க வழி செய்தது. வீட்டிலிருந்து துண்டுக்கூலிக்கு உழைப்போரையும் ஏனைய தொழிலாளரைப் போல நடத்த வேண்டும் என்று சர்வதேசத் தொழில் ஸ்தாபனம் 1996இல் சமவாயம் ஒன்றை நிறைவேற்றியது. அதனை ஏற்று உறுதிசெய்த நாடுகள் மிகச் சிலவே. அவற்றுள் இலங்கை இல்லை.

"சுயதொழில்தானே, ஆடைத் தொழிற்சாலைக்கோ கொழும்பு வீடுகளுக்கோ போகாமல் தாயின் அருகிலே இருக்கிறாளே" என்று நண்பர்கள் சொல்லக்கூடும். உண்மைதான். 1978இல் கட்டுநாயக்க வர்த்தக வலயம் திறந்த நாள் முதல் ஆடைத் தொழிலுக்காக ஊர்விட்டுப் போன பெண்களின் தனிமையை நாம் அறியாதவர்கள் அல்லோம். ஆனால் ஊரிலே இருக்கும் உரிமைக்கு விலையாகப் பாதிக்கூலியைக் கேட்பது எந்த நியாயம்? பெண்களுக்குத் தையல் வகுப்பு நடத்திச் சான்றிதழ் வழங்குவோர், வேலைநேரத்தைக் கணக்கிட்டு விலை சொல்லவும் கற்பிக்க வேண்டாமா?

ஆசிரியர்களும் மாணவர்களும் இதிலே செய்யக்கூடியது உண்டு. இரவிக்கைக்குச் சொல்லும்போதே பொருட்செலவு, கடைக்கூலி, கைவேலைக்கூலி என்று மூன்றாகப் பிரித்துப் பற்றுச்சீட்டுக் கேட்போம். கைவேலைக்கூலியிலே பாதியை முன்னதாகக் கொடுப்போம். மழைக்காலத்திலே மழையையும் எண்ணி நாள் குறிப்போம். இவற்றைவிட முக்கியமானது ஒன்று: மடுல்சீமை, பசறை, லுணுகலைப் பகுதிகளிலே தனித்தனி அறைகளில் ஊசி பிடித்திருக்கும் பெண்களை ஒரு ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூட மண்டபத்திலே ஒன்றுகூட்டுவோம். ஒருத்தியின் கொப்பியை மற்றொருத்தி பார்க்கட்டும்; தங்கள் மணிநேரத்தின் விலையைத் தாங்களே கூடிப் பேசி முடிவு செய்யட்டும். மண்டபத்தின் சாவி நம் கையிலேதானே இருக்கிறது.