ஃபைட்டர் மீன் தொட்டிக்கு ஏற்ற செடிகள்

பெட்டா மீனின் பூர்வீகம் தாய்லாந்தும் அதைச் சுற்றியுள்ள நாடுகளும். நெல்வயல், சதுப்பு நிலம், ஓட்டமில்லாத வாய்க்கால் என்று புல்லும் பாசியும் மண்டிய, ஆழம் குறைந்த தண்ணீரே அதன் வாழிடம். தாய்லாந்து 2019இல் அதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. தமிழ்நாட்டுக் கடைகளில் ஃபைட்டர் என்ற பெயரில் அது சிறு கண்ணாடிப் புட்டியிலோ பிளாஸ்டிக் டம்ளரிலோ தனியாக அடைபட்டிருக்கும். செவுளோடு, தலைக்குள் அமைந்த மடிப்பு மடிப்பான உறுப்பு ஒன்றாலும் காற்றைச் சுவாசிக்க முடிவதால்தான் அந்தப் புட்டியில் அது உயிரோடு இருக்கிறது. அதை நலமான வாழ்வு என்று சொல்ல முடியாது. குறைந்தது 15, 20 லிட்டர் தண்ணீரும் சில உயிர்ச்செடிகளும் அதன் உரிமை.

செடி அழகுக்காக மட்டும் வைக்கப்படுவதல்ல. நீண்ட துடுப்புகளைச் சுமந்து நீந்தும் வளர்ப்புப் பெட்டா விரைவில் களைத்துவிடும். மேற்பரப்புக்கு அருகில் சாய்ந்து படுக்க அதற்கு அகன்ற இலை வேண்டும். மூலை முடுக்கில் ஒளிய இடம் இருந்தால் மிரட்சி குறையும். பிளாஸ்டிக் செடியின் கூர்மையான விளிம்பு துடுப்பைக் கிழித்துவிடுவதுண்டு. உயிர்ச்செடியில் அந்தக் கவலை இல்லை. மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியா சிறிய தொட்டியில் வேகமாகச் சேரும். செடிகள் அதில் ஒரு பங்கை உணவாக எடுத்துக்கொள்ளும். ஆனாலும் வாராவாரம் கொஞ்சம் தண்ணீரை மாற்றும் வேலையிலிருந்து விடுதலை கிடையாது.

ஒரே ஒரு செடிக்குத்தான் இடம் என்றால் அனுபியாஸ் நானாவைத் தயங்காமல் தேர்ந்தெடுக்கலாம். மேற்கு ஆப்பிரிக்க ஓடைகளில் பாறையையும் மரத்தையும் பற்றி வளரும் இனத்தின் குட்டை வகை இது. இலை தடிப்பாகவும் உறுதியாகவும் இருப்பதால் ஃபைட்டர் அதன்மேல் சாய்ந்து ஓய்வெடுக்கும். மங்கிய வெளிச்சம் போதும். கரியமில வாயு செலுத்த வேண்டியதில்லை. போர்வெல்லின் கடினத் தண்ணீரையும் தாங்கும். இதைக் கொல்வதற்கு ஒரு நிச்சயமான வழி உண்டு: கிடையாகப் படரும் அதன் தடித்த தண்டை கிராவலுக்குள் புதைப்பது. புதைந்த தண்டு அழுகும், பிறகு இலைகள் ஒவ்வொன்றாக உதிரும். கருப்பு நூலால் ஒரு கல்லிலோ டிரிஃப்ட்வுட்டிலோ கட்டிவிட்டால் வேர்கள் தாமாகவே பற்றிக்கொள்ளும். புது இலை ஒன்று விட வாரக்கணக்கில் ஆகலாம். அந்த நிதானத்தால் வெட்டிவிடும் வேலை குறைகிறது. அதே நிதானத்தால் வெளிச்சம் மிகும்போது இலையில் பச்சைப்பாசி படிகிறது. எனவே விளக்குக்கு நேர் கீழே வைக்காமல் சற்று ஒதுக்கி வைப்பது நல்லது.

ஜாவா ஃபெர்னுக்கும் இதே முறைதான். தண்டைப் புதைக்கக் கூடாது. முதிர்ந்த இலையின் அடியில் வரிசையாகத் தோன்றும் பழுப்புப் புள்ளிகளை நோய் என்று நினைத்துப் பலர் இலையைக் கிள்ளி எறிகிறார்கள். அவை பெரும்பாலும் வித்துக்கூட்டங்கள். அதே இலையின் நுனியில் குட்டிச்செடிகளும் முளைக்கும். ஜாவா மாஸ் இன்னும் எளிது. ஆனால் மே மாத வெயிலில் தொட்டித் தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் அது சோர்ந்துபோகும்.

கிராவலில் நட ஒரு செடி வேண்டுமென்றால் கிரிப்டோகோரின் வெண்டியை நடலாம். இது இலங்கையின் ஓடைகளுக்கே உரியது. நட்ட சில நாட்களில் இலைகள் கரைந்து கூழாகிவிடும். புதிதாக வளர்ப்பவர்கள் செடி செத்துவிட்டதென்று பிடுங்கிவிடுகிறார்கள். நர்சரியில் இலை தண்ணீருக்கு மேலே இருக்க வளர்ந்த செடி, நீருக்குள் வாழ்வதற்கான இலைகளைப் புதிதாக விடுவதற்கு முன் பழையவற்றை இழக்கிறது. வேர் உறுதியாக இருந்தால் பொறுத்திருக்க வேண்டும். இடம் மாற்றிக்கொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் கரையும்.

இவையெல்லாம் மெதுவாக வளர்பவை. அம்மோனியாவை மளமளவென்று உறிஞ்ச வேகமாக வளரும் செடி ஒன்றும் தேவை. ஹார்ன்வொர்ட்டும் ஹைட்ரில்லாவும் நடாமலேயே மிதந்தபடி வளரும். குளத்திலிருந்து எடுத்துவந்த ஹைட்ரில்லாவை அப்படியே போடக் கூடாது. அட்டையும் தும்பிப்புழுவும் கூடவே வரும், தும்பிப்புழு சிறு மீனைத் தின்னும். தனி வாளியில் ஒன்றிரண்டு வாரம் வைத்து, அலசிப் பார்த்தபின் சேர்க்கலாம். மிதக்கும் ஆகாயத்தாமரையின் தொங்கும் வேர்களிடையே உலாவுவது ஃபைட்டருக்குப் பிடிக்கும். ஆண் மீன் அந்த நிழலில் நுரைக்கூடு கட்டும். ஆனால் மேற்பரப்பில் பாதியாவது திறந்திருக்க வேண்டும். மேலே வந்து காற்றை விழுங்க வழியில்லாத பெட்டா மூச்சுத்திணறிச் சாகும்.

வீட்டில் இருக்கும் மணி பிளான்டின் ஒரு கிளையும் போதும். வேர் மட்டும் தண்ணீருக்குள், இலை முழுவதும் வெளியே என்று தொட்டி விளிம்பில் தொங்கவிட்டால் நைட்ரேட்டை நன்றாக உறிஞ்சும். லக்கி பாம்பூவையும் இப்படித்தான் வைக்க வேண்டும். அது நீர்ச்செடி அல்ல. முழுக்க மூழ்கடித்தால் அழுகித் தண்ணீரைக் கெடுக்கும். பீஸ் லில்லி நட்ட கண்ணாடிக் குடுவைக்குள் பெட்டாவை விட்டு, வேரைத் தின்றே அது பிழைத்துக்கொள்ளும் என்று சொல்லி விற்றதும் உண்டு. அது கொடுமை. பெட்டா பூச்சியையும் புழுவையும் உண்ணும் மீன். வேரால் அதன் வயிறு நிறையாது.

சிவப்பு இலைச் செடிகள் பலவற்றுக்குக் கடும் வெளிச்சமும் உரமும் கரியமில வாயுவும் வேண்டும். சிறிய தொட்டிக்கு அவை தொல்லைதான். வாலிஸ்நேரியா கடினத் தண்ணீரில் செழித்தாலும், இலை நீண்டு மேற்பரப்பில் மடங்கிப் படர்ந்துவிடும். மேலே சொன்ன எளிய செடிகளுக்குச் சாதாரண எல்இடி விளக்கு ஒரு நாளைக்கு 6 முதல் 8 மணி நேரம் எரிந்தால் போதும்.

வேகமாக வளரும் செடிகளை அடிக்கடி கழிக்க வேண்டியிருக்கும். கழித்ததை ஏரியிலோ வாய்க்காலிலோ கொட்டிவிடக் கூடாது. பிரேசிலிலிருந்து வந்த சால்வினியா என்ற மிதக்கும் செடி கேரளத்தின் நீர்நிலைகளையும் நெல்வயல்களையும் எப்படி மூடியது என்பதை அங்குள்ள விவசாயிகள் அறிவார்கள். மிஞ்சிய செடியை வெயிலில் நன்றாகக் காயவைத்துப் பூந்தொட்டிக்கு உரமாகப் போடுங்கள்.