பண்ணைப் பாலத்திற்கு இப்பால்

பல்கலைக்கழக வெட்டுப்புள்ளிகள் வெளியான அன்று மாலை, எம் மாணவி ஒருத்தி தாயாருடன் நாரந்தனையிலுள்ள எமது இல்லம் தேடி வந்தாள். அவள் கையிலே ஒரு தாள். அதில் இரண்டே எண்கள். ஒன்று அவள் பெற்ற இசட் புள்ளி. மற்றது யாழ்ப்பாண மாவட்டத்திலிருந்து கணினி விஞ்ஞானம் கற்கச் செல்வோர்க்கு விதிக்கப்பட்ட வெட்டுப்புள்ளி. நான்கு தசமதானம் வரை எழுதப்பட்ட அவ்விரு எண்களும் இரண்டாம் தானத்திலேதான் வேறுபட்டன.

“பிள்ளை எங்கை சேர் பிழை விட்டவள்?” என்று தாயார் கேட்டார்.

தமிழாசிரியராகிய நாம் என்ன விடை கூறுவது? பிள்ளை பிழை விடவில்லை என்றோம். அவ்விடை அவருக்கும் போதவில்லை, எமக்கும் போதவில்லை.

முன்பு வைத்தியமும் பொறியியலுமே எம் மக்களின் கனவாய் இருந்தன. இன்று அவற்றோடு கணினி விஞ்ஞானமும் சேர்ந்துவிட்டது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திலோ, கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரியிலோ ஓர் இடம் கிடைத்தால் குடும்பமே தலை நிமிரும் என்பதைப் பெற்றோர் அறிவர். இடங்களோ சில; கேட்போரோ பலர். நேர்முகம் இல்லை, சிபாரிசு இல்லை. 2001 முதல் இசட் புள்ளி ஒன்றே தராசு. ஒரு பாடத்திலே எல்லா மாணவரும் பெற்ற புள்ளிகளின் சராசரியிலிருந்து ஒருவர் எவ்வளவு தூரம் மேலே நிற்கிறார் என்பதை அது அளக்கிறது. மூன்று பாடங்களின் அளவுகளைக் கூட்டிச் சராசரி காண்கிறது. கணக்கு என்ற வகையில் அதிலே குற்றம் காண்பதற்கில்லை.

ஆனால், மாணவர் எங்கே நிற்கிறார் என்று அளக்கும் அக்கணக்கு, எங்கிருந்து புறப்பட்டார் என்று கேட்பதில்லை. அக்குறையை நீக்கவே மாவட்ட ஒதுக்கீடு உண்டு. கலைப்பிரிவு நீங்கலான துறைகளிலே நூற்றுக்கு 40 இடம் அகில இலங்கைத் திறமைக்கு. 55 இடம் மாவட்டங்களுக்குச் சனத்தொகைப்படி. 5 இடம் கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணமும் அப்பதினாறில் ஒன்று.

இவ்விடத்தில் நாம் பழைய கதையொன்றைப் பேசியே ஆகவேண்டும். 1971இல் தரப்படுத்தல் வந்தது. மருத்துவம் பயிலத் தமிழ்மொழி மூல மாணவர் 400க்கு 250 புள்ளி பெறவேண்டும், சிங்களமொழி மூல மாணவருக்கு 229 போதும் என்று விதிக்கப்பட்டது. பிறந்த மொழியின் பேரால் செய்யப்பட்ட அந்த அநீதியை எதிர்த்தது நியாயம். அக்கதையை எத்தனையோ மேடைகளிலே நாமும் தொண்டை வரளப் பேசியிருக்கிறோம். ஆனால் 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது, அதன் நோக்கம் எதுவாயினும், அதனுள்ளே ஓர் உண்மை கிடந்தது. ஆய்வுகூடம் உள்ள பிள்ளையையும் இல்லாத பிள்ளையையும் ஒரே கோலால் அளக்கலாகாது என்பதே அவ்வுண்மை. யாழ்ப்பாணத்துப் படித்த வர்க்கம் அதனைக் காண மறுத்தது. இன்று அதே உண்மை எமது வாசற்படியிலே வந்து நிற்கிறது.

எப்படி என்று கேட்பீர்கள். மாவட்டம் என்பது ஒரே வயலா? நெடுந்தீவுப் பிள்ளை குறிகட்டுவானுக்கு வரவே கடலைக் கடக்க வேண்டும். நயினாதீவுப் பிள்ளையும் அவ்வாறே. எமது ஊர்ப் பிள்ளைக்குத் தரைவழி உண்டு. ஆயினும் பெயர்பெற்ற ஆசிரியரின் தனியார் வகுப்புக்குப் பண்ணைப் பாலம் கடந்து யாழ்ப்பாணம் போகவேண்டும். கடைசிப் பேருந்தைத் தவறவிடக்கூடாது என்பதற்காக எம் மாணவி ஞாயிறுதோறும் வகுப்பின் கடைசி அரைமணி நேரத்தை இழந்தாள். நகரத்துப் பிள்ளையோ வகுப்பு முடிந்து துவிச்சக்கர வண்டியில் வீடு சேர்ந்து, சந்தேகம் கேட்க மீண்டும் போய்வரும். இருவருக்கும் ஒரே மாவட்டம், ஒரே வெட்டுப்புள்ளி. பின்தங்கிய மாவட்டத்திற்கென்று கிடைக்கும் அந்த 5 வீதத்திலும் முன்னே நிற்பது நகரத்துப் பிள்ளையே. தீவகத்தின் பின்தங்கலைக் காட்டி வாங்கும் இடத்தில் தீவகம் அமர்வதில்லை!

1990இலே போரினால் ஊர்களைவிட்டு ஓடிய தீவக மக்கள் திரும்பி வந்தபோது கூரையற்ற வீடுகளைக் கண்டனர். வீடுகள் மெல்ல எழுந்தன, பாடசாலைகளும் எழுந்தன. ஆசிரியர்தாம் நிலைப்பதில்லை. கஷ்டப் பிரதேசச் சேவைக்கென்று வருவோர் காலம் முடிந்ததும் பாலத்தைக் கடந்துவிடுகின்றனர். எம் மாணவிக்கு இணைந்த கணிதம் கற்பித்தவர் இரண்டாம் வருடத்தின் நடுவிலே மாற்றலாகிப் போனார். எட்டு மாதம் அந்தக் கதிரை வெறுமையாய்க் கிடந்தது. அந்த எட்டு மாதத்தை இசட் புள்ளியின் எந்தத் தசமதானத்திலே எழுதுவது?

அவரை நாம் குறை கூறவில்லை. கூறும் தகுதி எமக்கில்லை. எமது மேசை லாச்சிக்குள்ளும் ஓர் இடமாற்ற விண்ணப்பம் இருக்கிறது. எம் மகனை நகரத்துப் பாடசாலையிற் சேர்க்கலாம் என்ற ஆசையில் எழுதியது. அன்று மாலை அம்மாணவி எம் மேசையருகே நின்றபோது அந்த லாச்சியைப் பார்க்க எமக்கு நாணமாயிருந்தது.

வழி இல்லாமலில்லை. தமிழ்நாட்டிலே அரசுப் பள்ளியிற் படித்தோர்க்கு 2020இல் மருத்துவத்திலும், 2021இல் பொறியியல் முதலிய தொழிற்கல்வியிலும் 7.5 சதவீதம் ஒதுக்கினர். மாவட்டத்தை அன்று, பிள்ளை படித்த பள்ளியையே அவர்கள் நோக்கினர். இங்கும் மாவட்டத்தோடு நில்லாது, பிரதேச செயலர் பிரிவையும் பாடசாலையின் வசதியையும் கணக்கில் எடுக்கலாகாதா? நாம் தானம் கேட்கவில்லை. கணக்கைச் சரியாகப் போடும்படியே கேட்கிறோம். 1945இல் கன்னங்கரா அவர்கள் இலவசக் கல்வியைத் தந்தபோது, அது பாலத்தின் ஒரு கரையோடு நிற்கட்டும் என்றா தந்தார்?

அம்மாணவி சோர்ந்துவிடவில்லை. “இன்னொருக்கா எடுக்கப்போறன் சேர்” என்றாள். மூன்று முறை தோற்றலாம், இது இரண்டாவது. கணித ஆசிரியரின் கதிரைக்கு இப்போது ஒருவர் வந்திருக்கிறார். அவர் எத்தனை நாள் இருப்பார் என்று அவள் எம்மைக் கேட்டாள்.

விண்ணப்பம் இன்னும் லாச்சிக்குள்தான் கிடக்கிறது. அதை நாம் அனுப்பவில்லை.