கலப்பு அரிசி

அப்பத்தா உலைக்கு அரிசியை உழக்கால் அளந்து முறத்தில் கொட்டுவாள். பிறகு அதிலிருந்தே ஒரு பிடி அள்ளி, அடுப்பு மூலையிலிருக்கும் தகர டப்பாவில் போடுவாள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் வின்சென்ட் தே பவுல் சபைக்காரர் பையோடு வருவார். பிரான்சு தேசத்துச் சாமியார்கள் கொண்டுவந்த பழக்கம் என்பார்கள் வீட்டில். பிரான்சில் ஏது பிடியரிசி? அந்த உறுத்தல்தான் என்னைக் கிளப்பிவிட்டது.

சபை தொடங்கிய கதை தெளிவாகவே கிடைக்கிறது. 1833 ஏப்ரல் 23, பாரிஸ். ஃபிரடெரிக் ஓசானாம் என்ற கல்லூரி மாணவருக்கு அன்றுதான் 20 வயது நிறைந்தது. குளிர்காலத்துக்கு மிச்சமிருந்த விறகை அவரும் நண்பர் ஒருவரும் ஏழை வீட்டுக்குச் சுமந்துபோனார்கள் என்கிறார்கள். அங்கே விறகு. அரிசி எங்கிருந்து வந்தது?

கேரளத்தில் குரியாக்கோஸ் எலியாஸ் சாவறா என்ற பாதிரியார் 19ஆம் நூற்றாண்டிலேயே வீடுவீடாகப் 'பிடியரி' சேர்த்துப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சோறு போட்டிருக்கிறார். காந்தியவாதி வினோபா வீட்டுக்கொரு சர்வோதயப் பாத்திரம் வைத்து, தினமும் குழந்தை கையால் ஒரு பிடி தானியம் போடச் சொன்னார். காந்திகிராமமோ எங்கள் ஊர் சின்னாளப்பட்டிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அங்கிருந்து வந்திருக்குமோ என்று பல வாரம் அலைந்தேன். "வினோபா சொல்றதுக்கு முந்தியே எங்கம்மா போட்டுக்கிட்டுதான் இருந்தாங்க" என்று அத்தை ஒரே பேச்சில் முடித்துவிட்டாள்.

கடைசியில், சபையில் பல வருடம் பொருளாளராக இருந்த பெரியவரைப் பிடித்தேன். தறி நெய்து ஓய்ந்தவர். நான் அரிசியைக் கேட்டால் அவர் இரகசியக் காணிக்கைப் பையைப் பற்றிப் பேசினார். வாராந்தரக் கூட்டத்தில் பை கைமாறிப் போகும். யார் எவ்வளவு போட்டார் என்று அடுத்தவருக்குத் தெரியாது. வீடு பார்க்க இரண்டு பேராகத்தான் போவார்கள். மூன்று முறை போனேன், மூன்று முறையும் இதேதான். நாலாம் முறை நோட்டை எடுத்துக் காட்டினார். தேதி, வீடுகளின் எண்ணிக்கை, படிக்கணக்கு. ஒரு பெயர்கூட இல்லை.

"வாங்குனவங்க பேரை எழுதக் கூடாது தம்பி."

"அரிசி எப்படி இருக்கும், ஐயா?"

"எப்படி இருக்கும்? ஒரு வீட்டுல புழுங்கல், ஒரு வீட்டுல பச்சை, ஒரு வீட்டுல ரேஷன். எல்லாம் கலந்துதான்."

எனக்கு நாக்கு உலர்ந்துவிட்டது. சிறு வயதில் தறி நின்றுபோன ஒரு மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கஞ்சியில் பாதி அரிசி குழைந்தும் பாதி நறுக்கென்றும் இருக்கும். அப்பத்தாவுக்குப் பதம் தவறிவிட்டது என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். கொடுத்த வீடு என்றே வளர்ந்தவன் நான்.

பிடியரிசி எந்தத் தேசத்திலிருந்து வந்தது என்ற கேள்வி அந்தத் திண்ணையிலேயே என்னை விட்டுப் போயிற்று. அந்த டப்பாவில் அவள் போட்டது தர்மமா, கடனைத் திருப்பியதா? மழைக்காலத்துக்கு முன்பே போட்டாளா, பிறகுதானா?

"எங்க வீட்டுக்கும் வந்துச்சா, ஐயா?"

அவர் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டார். உள்ளே திரும்பி, "தம்பிக்குக் காப்பி கொண்டா" என்றார்.