இடது சிறுநீரகம்

என் இடது சிறுநீரகத்தைப் பற்றி எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ஒரு கருத்து இருக்கிறது. "ஒரு கிட்னி போதும்டா, ரெண்டாவது ஸ்பேரு" என்பது மாமாவின் கருத்து. "கல்யாணம் ஆகாத பையன், வயித்துல கத்தி வெச்சா எவன் பொண்ணு குடுப்பான்" என்பது பாட்டியுடையது. அம்மா ஒன்றும் சொல்வதில்லை. அக்கா இரண்டு வருடமாக ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து தெலுக் இந்தானுக்குப் போய் ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்கிறாள். வாரத்துக்கு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம். மாமாதான் காடியில் கொண்டுபோய் விடுகிறார்.

கொடுக்க ஆளில்லாமல் இல்லை. அப்பா முதல் நாளே சட்டையைக் கழற்றாத குறை. ஆனால் அப்பாவுக்கு இனிப்பு நீர். மாமாவுக்கும் இனிப்பு நீர். அம்மாவுக்கு மூன்று மாத்திரை போட்டும் இறங்காத ரத்த அழுத்தம். மிச்சம் நான். 28 வயது, செம்பனை எண்ணெய் ஆலையில் பராமரிப்புப் பொறியாளர், அக்காவின் அதே ரத்த வகை.

"இப்பல்லாம் கிழிக்கறதே இல்லடா. மூணு ஓட்ட, ஒரு கேமரா, நாலாவது நாளு வீடு" என்று மாமா சொல்வது பெருமளவு உண்மைதான். அந்தப் 'பெருமளவு' எவ்வளவு என்று தெரிந்துகொள்ளத்தான் படிக்க ஆரம்பித்தேன்.

1954இல் பாஸ்டனில் ஜோசப் மரே, இரட்டையர்களில் ஒருவரின் சிறுநீரகத்தை மற்றவருக்குப் பொருத்தினார். வெற்றி பெற்ற முதல் மாற்று அது. வேலூர் சிஎம்சியில் 1971இலும், கோலாலம்பூர் மருத்துவமனையில் 1975இலும் தொடங்கினார்கள். அந்தக் காலங்களில் கொடுப்பவரின் விலாவுக்குக் கீழே நீளமாகக் கிழித்து, சில சமயம் விலா எலும்பில் ஒரு துண்டையும் எடுத்துவிட்டுத்தான் உள்ளே போக முடியும். நோயாளியைவிட ஆரோக்கியமானவருக்குத்தான் பெரிய காயம்! 1995இல் பால்டிமோரில் லாயிட் ராட்னரும் லூயி கவூசியும் கொடையாளியின் சிறுநீரகத்தை லேப்ரஸ்கோப் மூலம் எடுத்தார்கள். வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்பிக் கூடாரம் மாதிரி உயர்த்தி, சிறு துளைகள் வழியாகக் கேமராவையும் கருவிகளையும் விட்டு வேலையை முடிக்கிறார்கள். கடைசியில், முழு சிறுநீரகம் துளை வழியாக வராதே, அதனால் அடிவயிற்றில் சிசேரியன் வெட்டு மாதிரி ஒன்று போட்டு அதன் வழியாக எடுக்கிறார்கள். மாமாவின் கணக்கில் இந்த வெட்டு விட்டுப்போயிருந்தது.

பெரும்பாலும் இடதுபக்கத்தைத்தான் எடுக்கிறார்கள். இடது சிறுநீரகத்தின் சிரை நீளமானது, பெறுபவரின் உடம்பில் தைப்பதற்கு அது வசதி. இரண்டு முறைகளையும் ஒப்பிட்ட ஆய்வுகள் ஏறத்தாழ ஒரே மாதிரி சொல்கின்றன: லேப்ரஸ்கோப்பில் அறுவைக்கு நேரம் கூடுதல், வலி குறைவு, வேலைக்குச் சீக்கிரம் திரும்பலாம். பெறுபவருக்குச் சிறுநீரகம் வேலை செய்வதில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதுவரை எல்லாம் நல்ல செய்தி. என்னை உட்கார வைத்தது ஒரு கிளிப்.

சிறுநீரகத் தமனியில் நிமிடத்துக்கு அரை லிட்டருக்கும் மேல் ரத்தம் ஓடுகிறது. அதை வெட்டுமுன் கொடையாளியின் பக்கம் அடைக்க வேண்டும். இதற்குப் பூட்டிக்கொள்ளும் பாலிமர் கிளிப்புகளைப் பயன்படுத்தி வந்தார்கள். சில கொடையாளிகளுக்கு அறுவை முடிந்த பிறகு அந்தக் கிளிப் நழுவி, உள்ளுக்குள்ளேயே ரத்தம் கொட்டி இறந்துபோனார்கள். 2006இல் தயாரிப்பாளரே, உயிருள்ள கொடையாளியின் தமனிக்கு இதைப் போடக்கூடாது என்று குறிப்பு மாற்றினார். 2011இல் அமெரிக்காவின் எஃப்டிஏ மறுபடியும் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது. முதல் எச்சரிக்கைக்குப் பிறகும் யாரோ போட்டிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்?

ஏன் நழுவுகிறது என்று எங்கள் ஆலைப் பையன்களுக்குச் சொன்னால் உடனே புரியும். ரப்பர் குழாயில் கிளிப் மாட்டும்போது விளிம்புக்கு ரொம்பப் பக்கத்தில் மாட்டினால் அழுத்தம் ஏறியதும் கழன்றுவிடும். கிளிப்புக்கு அப்பால் கொஞ்சம் குழாய் மிச்சம் இருக்க வேண்டும். புற்றுநோய்க்காகச் சிறுநீரகத்தை எடுக்கும்போது அப்படி மிச்சம் விடலாம். தானத்தில் முடியாது. பெறுபவருக்குத் தமனி நீளமாக வேண்டும், அதனால் கொடுப்பவரிடம் குட்டையாக நிற்கும். அக்காவுக்குப் போகும் ஒவ்வொரு மில்லிமீட்டரும் என் பக்கத்திலிருந்துதான் போகும். தமனியின் சுவரையே ஊடுருவிப் பிடிக்கும் தையலோ ஸ்டேப்ளரோ போடுவதுதான் இப்போது பாதுகாப்பு என்று கருதப்படுகிறது. மருத்துவரிடம் இதைத்தான் முதலில் கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, "ஸ்டேப்ளர்தான் போடுவோம். கிளிப்பைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் நீங்கள்" என்றார்.

மரணக் கணக்கையும் பார்த்தேன். அமெரிக்காவில் 1994 முதல் 2009 வரை கொடுத்த 80,347 பேரில் 90 நாளுக்குள் இறந்தவர்கள் 25 பேர், அதாவது பத்தாயிரத்துக்கு மூன்று. 2013க்கும் 2022க்கும் இடையில் அது பத்தாயிரத்துக்கு ஒன்றுக்கும் கீழே இறங்கிவிட்டது. மோட்டார் சைக்கிளில் தினமும் ஆலைக்குப் போகிற எனக்கு இது பயப்பட வேண்டிய எண்ணாகத் தெரியவில்லை.

"ஆப்பரேஷனை நினைத்து நான் கவலைப்படவில்லை, உங்களுடைய ஐம்பதாவது வயதை நினைத்துத்தான்" என்றார் மருத்துவர். துளை சிறியதா பெரியதா என்பதெல்லாம் ஒரு மாதத்தோடு முடிந்துபோகும் விஷயம். அதற்குப் பிறகு ஒற்றைச் சிறுநீரகத்தோடு வாழ வேண்டியது நாற்பது ஐம்பது வருடம். மிஞ்சியது கொஞ்சம் வீங்கிக் கூடுதல் வேலை செய்து, பழைய மொத்தத் திறனில் கிட்டத்தட்ட 70 விழுக்காட்டை எட்டும். 2014இல் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, வாழ்நாளில் சிறுநீரகச் செயலிழப்பு வரும் வாய்ப்பு கொடையாளிகளில் பத்தாயிரத்துக்கு 90 என்றும், அதே அளவு ஆரோக்கியத்தோடு கொடுக்காமல் இருந்தவர்களில் 14 என்றும் மதிப்பிட்டது. எந்தச் சோதனையும் செய்யாத பொது மக்களில் 326. மாமா பிடித்துக்கொண்டது 326ஐ. "பாத்தியா, குடுத்தவன்தான் நல்லா இருக்கான்!" என்னை ஒப்பிட வேண்டியது 14உடன் என்று அவருக்கு விளக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

என் சித்தி மகள், 24 வயது, "நானும் டெஸ்ட் எடுக்கறேண்ணா" என்றாள். கொடுத்த பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் ரத்த அழுத்தப் பிரச்சினை 11 விழுக்காடு, கொடுக்காதவர்களுக்கு 5 என்று 2015இல் கனடாவில் கண்டார்கள். அவளை வேண்டாம் என்று சொல்ல நான் யார், ஆனால் சொன்னேன்.

இந்த எண்களில் எதுவும் எங்கள் ஆட்களைப் பார்த்து எடுத்ததில்லை. 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் 31 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். நாட்டு மொத்தம் 18. எங்கள் லயத்தில் கதவு கதவாக எண்ணினால் இன்னும் கூடுமோ என்னவோ. 55 வயதில் சர்க்கரை இல்லாதவருக்கு இனி வராது என்று ஓரளவு நம்பலாம். 28 வயதில் என் ரத்தம் சுத்தமாக இருப்பது எதற்கும் உத்தரவாதம் ஆகாது. இளைஞன் கொடுத்தால் நல்லது என்ற வீட்டு நியாயம் அக்காவின் பக்கம் சரி, என் பக்கம் தலைகீழ்.

சென்னையில் சிறுநீரகம் விற்ற 305 பேரிடம் 2001இல் பேசினார்கள். சராசரியாக ஆறு வருடம் முன்பு விற்றவர்கள். 86 விழுக்காட்டினர் உடல்நலம் கெட்டதாகச் சொன்னார்கள், குடும்ப வருமானம் மூன்றில் ஒரு பங்கு இறங்கியிருந்தது. எனக்குச் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, வருடா வருடம் சோதனை உண்டு. பாட்டி கண்ணில் இருப்பது பால்மரக் காட்டில் வாளி தூக்கிய உடம்பு. அவள் பயத்தை நான் இப்போது சிரிப்பதில்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், 90, 14 உட்பட. ரொம்ப நேரம் கையில் இருக்கும் ஃபிஸ்டுலாவைத் தடவிக்கொண்டே இருந்தாள். "டாக்டரு வேணாம்னா வேணாம்டா தம்பி. ஆனா சரின்னா நான் வாங்கிக்குவேன். வேணாம் வேணாம்னு நடிக்கத் தெரியாது எனக்கு."

அடுத்த சந்திப்புக்கு முன் மருத்துவர் ஒரே ஒரு தகவல் கேட்டிருக்கிறார். அப்பாவுக்கு எந்த வயதில் ஆரம்பித்தது? அப்பா விரலை மடக்கி யோசித்தார். "நீ ஸ்டாண்டர்ட் ஒன் போன வருஷம்." கணக்குப் போட்டால் அப்போது அவருக்கு 37. அதை எழுதி வைத்திருக்கிறேன். குளுக்கோஸ் தண்ணீர் குடித்துப் பார்க்கும் சோதனை புதன்கிழமை காலை. முந்தின ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒன்றும் சாப்பிடக்கூடாதாம்.